கன்சோலுக்குப் பக்கத்து மேசை

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இன்டர்ன்ஷிப் வருகிற மாணவர்களின் கண் முதலில் போவது ஒலிகளைக் கலக்கும் கருவியான கன்சோல் மேல்தான். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களைத் தொட்டுப் பார்க்கிற ஆசையை யாரும் மறைப்பதில்லை. நானும் அந்த ஆசையோடு உள்ளே வந்தவன்தான். இப்போது அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். கன்சோலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக இருக்கிற சின்ன மேசையைத்தான் முதலில் காட்டுவேன். அங்கே ஒரு கணினி, ஒரு எக்செல் ஷீட், பாட்டுகளின் பட்டியல். யார் எழுதினார்கள், யார் பாடினார்கள், வயலின் யார், பலமுறை பதிவானதில் எந்த டேக் கடைசியாக எடுத்துக்கொள்ளப்பட்டது, இதையெல்லாம் நிரப்ப வேண்டும். முகம் கொஞ்சம் வாடும். சரி, வாடட்டும்.

அந்த மேசையை நான் தண்டனையாகக் கொடுப்பதில்லை. இசைத்துறையில் பணம் எந்த வழியாக நடக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவுசெய்த ஒலிப்பதிவு இன்னொன்று. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி.; அது ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும். அதே பாட்டை மேடையில் பாடி வெளியிட்டால் முதல் குறியீடு புதிது, இரண்டாவது பழையதே. இதை வகுப்பில் ஸ்லைடில் பார்த்திருப்பார்கள், தேர்வில் எழுதியும் இருப்பார்கள். ஆனால் ஒரே வயலின் கலைஞரின் பெயர் ஒரு ஆல்பத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதை நேரில் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். கணினிக்கு அவர் ஒருவர் அல்ல, மூன்று பேர்.

இப்படிப் பெயர் பொருந்தாமல் நிற்கிற பணம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2018-ல் இயற்றப்பட்ட இசை நவீனமயமாக்கல் சட்டத்தின் கீழ், ஸ்ட்ரீமிங் ராயல்டியை வாங்கிப் பிரித்துக் கொடுக்க எம்.எல்.சி. என்ற அமைப்பு உருவானது. 2021 பிப்ரவரியில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், யாருக்குச் சேர வேண்டும் என்று பொருத்த முடியாமல் தங்களிடம் தங்கியிருந்த பழைய ராயல்டியை அதனிடம் ஒப்படைத்தன. தொகை சுமார் 42 கோடியே 40 லட்சம் டாலர். ஒரே நாடு, ஒரே வகை ராயல்டி. அத்தனையும் யாரோ எழுதிய பாட்டுக்கான கூலி. இதைச் சொன்னபிறகு எக்செல் ஷீட்டைப் பார்க்கிற பார்வை மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு மாணவி இப்படித்தான் ஒரு மதியம் தலையை நிமிர்த்தி, “அண்ணா, இந்தப் பாட்டுல மூணு பேர் பங்கையும் கூட்டினா 110 வருது” என்றாள். இசையமைப்பாளருக்கு 50, பாடலாசிரியருக்கு 40, நடுவில் ஒரு பகுதியை எழுதிக்கொடுத்த இன்னொருவருக்கு 20.

“அப்போ யார் சொல்றது சரி?”

“அதை முடிவு பண்றது நம்ம வேலை இல்லைம்மா. யாரைக் கேட்கணும்னு மட்டும் கண்டுபிடி.”

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினாள். மூன்றாவது ஆள் கடைசி நேரத்தில் சேர்ந்தவர். அவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட 20, மற்ற இருவரின் பங்கிலிருந்து எப்படிக் கழியும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாடலாசிரியர் தன் பங்கில் பத்தைக் குறைத்துக்கொண்டு 40 என்று எழுதிவிட்டார். இசையமைப்பாளர் பழைய 50-ஐயே விட்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம். இப்படியே பதிவானால், உரிமை கோரும் பங்குகள் 100-ஐத் தாண்டுகின்றன என்று ராயல்டி சங்கம் பணத்தை நிறுத்தி வைக்கும். சண்டை இல்லாத இடத்தில் ஒரு சண்டை பதிவாகும்.

இசையமைப்பாளருக்கு அவள் எழுதிய மின்னஞ்சல் வரைவில், “உங்கள் பங்கு தவறாக உள்ளது” என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, “மூவரின் பங்கும் சேர்ந்து 110 வருகிறது, இறுதிப் பிரிவை உறுதிசெய்து தர முடியுமா” என்று மாற்றச் சொன்னேன். தகவல் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்துக்கு வரும் பதில் வேறு, இரண்டாவதற்கு வரும் பதில் வேறு. பெரிய ஆள் ஒருவரிடம் கணக்கு உதைக்கிறது என்று முகம் சுளிக்காதபடி சொல்லத் தெரிந்தால் இந்தத் துறையில் பாதி தூரம் கடந்தாகிவிட்டது. இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

கை வேலையும் உண்டு. கேபிள் சுருட்டுவதைக் கேவலமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கையில் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு, கொஞ்ச நாளில் எங்கேயோ அறுந்து கரகரக்கும். ஒரு வளையத்தை நேராகவும் அடுத்ததைக் கையைத் திருப்பி உள்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படிச் சுருட்டிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கே இல்லாமல் ஓடும். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம், கைக்குப் பழக ஒரு வாரம். கண்டென்சர் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை, அதாவது ஃபான்டம் பவரை, போடும் முன் சேனலை மியூட் செய்வதும் இந்த ரகம். மறந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் ஹெட்ஃபோன் வழியாகப் பாடகரின் காதில் இறங்கும். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில் பாடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது பேசக்கூடாது, எப்போது பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். ஒரு டேக் முடிந்த மறுநொடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே நான்கு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தால் அவருக்குச் சத்தம் கேட்காது, சிரிப்பு மட்டும் தெரியும். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். அதனால் டேக் முடிந்ததும் பாடகரிடம் பேசுவதற்கான டாக்பேக் பொத்தானை அழுத்தி யாராவது ஒருவர் உடனே ஏதாவது சொல்ல வேண்டும். “ஒரு நிமிஷம், கேட்டுட்டுச் சொல்றோம்” என்றாலும் போதும். இதைக் கவனித்துப் பிடித்துக்கொள்கிற மாணவரை எந்தப் பதிவுக்கும் நம்பி உள்ளே விடலாம். மென்பொருளில் கெட்டிக்காரராக இருப்பது இதற்கு ஈடாகாது என்பது என் கணிப்பு. சக பொறியாளர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு ஏணி இருந்தது. லண்டன் அபே ரோடில் இ.எம்.ஐ. நடத்திய கூடத்தில் ஜெஃப் எமெரிக் 1962-ல் 16 வயதில் உதவியாளராகச் சேர்ந்தார். இசைத்தட்டு அச்சிடுவதற்கான மூலத்தட்டை, அதாவது மாஸ்டரை, வெட்டுகிற வேலை வரை செய்துவிட்டு, 1966-ல் 20 வயதில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் முதன்மை ஒலிப்பொறியாளரானார். அந்த நான்கு வருடமும் அவருக்குச் சம்பளம் வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று, மேல் படியில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது. இன்றைக்கு ஒரு மடிக்கணினியோடு படுக்கையறையில் ஆல்பம் முடிகிறது. பெரிய கூடங்கள் குறைந்தன, உதவியாளர் வேலைகளும் குறைந்தன. அந்த இடத்தில்தான் இன்டர்ன்ஷிப் வந்து உட்கார்ந்திருக்கிறது. படி இருக்கிறது, சம்பளம் பல இடங்களில் இல்லை. மூன்று மாதம் முடிந்ததும் படியையும் எடுத்துவிடுகிறார்கள்.

நான் மாணவனாக வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதை நன்றாகவே அனுபவித்தேன். வரவேற்பறையில் பெரிய பெரிய ஆட்களின் படங்கள். கூடத்துக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. விருந்தினருக்கு காபி, கூரியர், அப்புறம் சமூக ஊடகத்தில் வரும் கருத்துகளை எண்ணி எழுதுவது. என்னை மேற்பார்க்க ஒருவர் பெயர் தாளில் இருந்தது. அவரை மாடிப்படியில்தான் பார்ப்பேன். கையெழுத்து மட்டும் தவறாமல் போட்டார். சான்றிதழில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்ததால் பிறகு சில கதவுகள் திறந்தன என்பதும் உண்மை. இதனால்தான் மாணவர்களிடம் பெரிய பெயரை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அந்தக் கட்டடத்துக்குள் யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

சம்பள விஷயத்தில் சட்டமே தடுமாறியிருக்கிறது. ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், 2013-ல் நியூயார்க் நீதிமன்றம் அவர்களை ஊழியர்களாகவே கருத வேண்டும் என்றது. 2015-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன்பெறுவது மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அமெரிக்கத் தொழிலாளர் துறையும் 2018-ல் இதே அளவுகோலை எடுத்துக்கொண்டது. பிரிட்டனில், படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு வருடத்துக்குள் முடியும் பயிற்சி என்றால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியதில்லை. அதாவது மதிப்பெண் கொடுத்தால் சம்பளம் கொடுக்காமல் விடலாம்.

யாருக்குப் பயன் என்கிற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அது உள்ளே வந்தவர்களைப் பற்றி மட்டும் கேட்கிறது. மூன்று மாதம் வருமானமில்லாமல், கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துத் தங்க முடியாதவர் விண்ணப்பமே போடுவதில்லை. நள்ளிரவு வரை போகிற பதிவு என்றால் பகுதிநேர வேலையும் பார்க்க முடியாது. கடைசியில் வீட்டில் தாங்கிக்கொள்ள ஆள் இருப்பவர்கள்தான் வருகிறார்கள். பத்து வருடம் கழித்து அவர்களே மேலே உட்கார்ந்து எந்தக் குரல் ‘விற்கும்’ என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் கூடத்தில் தருகிற தொகை பெரிதல்ல, ஆனாலும் தருகிறோம். அதற்காக எனக்கும் நிர்வாகத்துக்கும் வருடாவருடம் ஒரு சின்னச் சண்டை நடக்கும்.

பல்கலைக்கழகங்களின் பதிவேடு பற்றியும் ஒரு வார்த்தை. ‘இந்த வாரம் கற்ற திறன்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் நேர மேலாண்மை, குழுவாக வேலை செய்தல் என்றே நிரப்புகிறார்கள். படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. 110 கண்டுபிடித்த மாணவிகூட அந்த வாரத்துக்கு ‘நுணுக்கமாகக் கவனித்தல்’ என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தாள். நான் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்து, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். எந்தப் பாட்டு என்பதை மட்டும் மறைத்துவிடச் சொன்னேன், வெளியாகாத பாட்டைப் பற்றி வெளியே ஒரு சொல் போகக்கூடாது. ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அடுத்த நேர்முகத் தேர்வில் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

வீடியோ கேம் நிறுவனங்களின் ஒலிப்பிரிவு, இசைப் பதிப்பகம், விழா ஏற்பாடு, படங்களுக்குப் பாட்டு உரிமை வாங்கித்தரும் அலுவலகம் என்று போகிறவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீடியோ கேமில் ஒரு காலடிச் சத்தத்துக்கே பல கோப்புகள் இருக்கும், பெயரிடுவதில் ஒழுங்கு இல்லையென்றால் அவ்வளவும் வீண். உரிமை அலுவலகத்தில் படைப்புக்கு ஒரு அனுமதி, ஒலிப்பதிவுக்கு ஒரு அனுமதி என்று இரண்டையும் துரத்த வேண்டும். அங்கேயும் ஒரு எக்செல் ஷீட் காத்திருக்கும்.

நேர்முகத் தேர்வில் மாணவர்கள் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தினசரி எனக்கு வேலை சொல்லப்போவது யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் அலுவலகத்துக்கு வருகிறார், பதிவு நேரத்தில் கூடத்துக்குள் இருக்கலாமா, போன முறை வந்த இன்டர்ன் இப்போது என்ன செய்கிறார். கடைசிக் கேள்விக்கு “யாரு, போன வருஷம் வந்த பையனா?” என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

போகும்போது கிரெடிட் விஷயத்தை, அதாவது பாட்டில் தங்கள் பெயர் வருவதை, முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். ஒரு பாட்டில் உதவிப் பொறியாளராக வேலை பார்த்திருந்தால் அந்தப் பெயர் வெளியீட்டுக்கு முன் பாட்டோடு போகும் விவரங்களில், அதாவது மெட்டாடேட்டாவில், ஏற வேண்டும். வெளியான பின் திருத்தம் கேட்டால், விநியோக நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் போய், சிலவற்றில் மாறும், சிலவற்றில் மாறாது. கடைசி வாரத்திலேயே தாங்கள் தொட்ட பாட்டுகளின் பட்டியலைப் போட்டு, என்ன வேலை என்று எழுதி, பொறுப்பாளரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவரோர மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பெயரையெல்லாம் சரிபார்த்தவர்கள்தான் தங்கள் பெயரைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எங்களிடம் அந்தப் பட்டியலைத் தந்தால்தான் கடைசி வார உதவித்தொகை கிடைக்கும் என்று ஒரு விதியே போட்டுவிட்டேன்.