வீட்டுக்குள் ஈதர்நெட் கேபிள் இழுத்த அனுபவம்

எங்கள் ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. நான் வேலை செய்யும் அறையோ இரண்டு செங்கல் சுவர்களையும் ஓர் இரும்பு அலமாரியையும் தாண்டி, வீட்டின் மறுகோடியில் இருக்கிறது. வைஃபையில் வேகச் சோதனை செய்தால் எண் நன்றாகத்தான் வரும். ஆனால் காணொளிக் கூட்டத்தில் நான் பேசத் தொடங்கினால் குரல் அறுந்து அறுந்து போகும். ஒருநாள் மாலை, வெளியே உள்ள எந்தத் தளத்துக்கும் அனுப்பாமல், வீட்டிலுள்ள ரவுட்டருக்கே தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்தேன். 4 மில்லிநொடியில் வந்துகொண்டிருந்த பதில் திடீரென்று 300 மில்லிநொடிக்கு ஏறி, மறுபடி இறங்கியது. குறை இணையச் சேவையில் இல்லை, கூடத்துக்கும் என் மேசைக்கும் நடுவில்தான் என்பது அப்போதுதான் விளங்கியது.

வைஃபையில் ஒரே அலைவரிசையை எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடந்துவிடும் என்றாலும், புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே பட்டையில்தான் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவர்களைத் தாண்டுவதற்குள் அது மெலிந்துவிடுகிறது. வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்தும் பார்த்தேன். சிக்னல் கோடுகள் கூடின, குரல் அறுவது நிற்கவில்லை. எனவே ரவுட்டரிலிருந்து என் மேசை வரை ஈதர்நெட் (கம்பிவழிப் பிணைய) கேபிள் இழுப்பதென்று முடிவு செய்தேன்.

சுவரோரமாக ஒரு நூலைப் பிடித்து அளந்தபோது 22 மீட்டர் வந்தது. ஈதர்நெட் செப்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரம் ஒரு பொருட்டாக இல்லை. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்துக்கு கேட் 5இ எனும் தரக் கேபிளே போதும். ஆயினும் ஒருமுறை சுவரைத் துளைத்தபின் மறுபடி துளைக்க மனம் வராது என்று அதற்கு அடுத்த தரமான கேட் 6 வாங்கினேன். இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சிட்ட கேபிள்களும் விற்கப்படுகின்றன; அவற்றின் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறிந்தும் போகும்.

துளையிடுவதும் ஆணி அடிப்பதும் ஒரு பகலில் முடிந்துவிட்டன. மின்கம்பி செல்லும் குழாயில் இந்தக் கேபிளைச் சேர்த்து விடாமல் தனியாகவே கொண்டுபோனேன்; மின்கம்பியைக் கடக்க நேர்ந்த ஓர் இடத்தில் மட்டும் நேர்க்குறுக்காகக் கடத்தினேன்.

பொறுமையைச் சோதித்தது கேபிளின் முனைகளில் பிளக் பொருத்தும் வேலைதான். மேலுறையைச் சீவினால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலை அடக்குவது அந்த முறுக்குதான் என்பதால், தேவைக்குமேல் ஒரு விரற்கடைகூட அதைப் பிரிக்கக் கூடாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற டி568பி எனும் நிலையான நிற வரிசையில் அடுக்கி, நுனிகளைச் சமமாக வெட்டி, ஈதர்நெட் கேபிளுக்கான ஆர்ஜே45 பிளக்கில் செருகி, பிளக்கைக் கம்பிகளோடு இறுக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்தினேன்.

இரு முனைகளையும் செருகியதும் விளக்கு எரிந்தது, இணையமும் வந்தது. ஆனால் கணினியின் பிணைய அமைப்பில் இணைப்பு வேகம் 1000 மெகாபிட் (அதாவது 1 கிகாபிட்) என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பட்ட பாட்டில் பாதி வீணாகியிருக்கும். 100 மெகாபிட் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும். கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி தொடாவிட்டாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு விளக்கு எரியவிட்டுச் சோதிக்கும் கேபிள் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று முதல் ஏழு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன, எட்டாவது எரியவில்லை. கண்ணாடி போன்ற அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தபோது, மற்ற ஏழும் முன்சுவரை முட்டி நிற்க, பழுப்புக் கம்பி மட்டும் மயிரிழை அளவு பின்தங்கி நின்றது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, புதிய பிளக்கில், இம்முறை எட்டு நுனிகளும் முன்சுவரைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்தினேன்.

இணைப்பு வேகம் 1000 ஆனது. அன்று மாலை அதே ரவுட்டருக்கு ஒரு மணி நேரம் பிங் அனுப்பினேன். ஒரு பதில்கூட ஒரு மில்லிநொடியைத் தாண்டவில்லை. இப்போது மேசையின் கீழே, ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, அதே கேபிளில் பிரிண்டரையும் தொலைக்காட்சியையும் சேர்த்திருக்கிறேன். கைப்பேசிகள் மட்டும் வைஃபையில் இருக்கின்றன.