இடியம் கேள்விகளை விட்டுவிடாதீர்கள்

"கணக்கு பார்த்துக்கலாம் அண்ணா, ரீசனிங்கும் வந்துடும். இங்கிலீஷ்ல இந்த இடியம் மட்டும் விட்டுடறேன்." மத்திய அரசு வேலைகளுக்குப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் தேர்வுக்குத் தயாராகும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் என்று எங்கிருந்து வந்தாலும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இடியம் (ஆங்கில மரபுத்தொடர்) என்றாலே ஒரு தயக்கம். நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இதே தேர்வை எழுதி வேலைக்கு வந்தவன். ஆங்கிலப் பகுதியில் தமிழ் தெரிந்தவருக்கு அதிகம் கைகொடுப்பது இடியம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே வழிமாற்றிவிடும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இதை யாரும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. அகர வரிசையில் ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதோடு சரி.

எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வான சிஜிஎல்லின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 60 நிமிடம், 200 மதிப்பெண். இதில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். இடியத்தின் பொருளை நேரடியாகக் கேட்பவை சிலதான். ஆனால் கோடிட்ட இடம், பிழை கண்டுபிடித்தல், பத்தியில் விட்டுப்போன சொல்லை நிரப்புதல் எல்லாவற்றிலும் இடியம் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம் நேரம். தெரிந்த இடியத்துக்குப் பத்து விநாடி போதும். மிச்சமாகும் நேரம் பெரிய பத்தியைப் படிக்க உதவும்.

நம் பலத்திலிருந்து தொடங்குவோம். "அவனுக்குக் கை நீளம்" என்று யாராவது சொன்னால் நாம் கையைப் பார்ப்பதில்லை, திருடுவான் என்று புரிந்துகொள்கிறோம். ஒரு சொல் தன் பொருளை விட்டு வேறொன்றைச் சொல்லும் என்பது நமக்குப் புதிதல்ல. அதனால்தான் பல ஆங்கில இடியங்கள் கேட்டவுடனே பிடிபடுகின்றன. "நிப் இன் தி பட்" என்றால் முளையிலேயே கிள்ளுவது. "போக் ஒன்ஸ் நோஸ்" என்றால் மூக்கை நுழைப்பது. "ஸ்டாப் இன் தி பேக்" முதுகில் குத்துவது, "ஐவாஷ்" கண்துடைப்பு, "ஆட் ஃபியூயல் டு தி ஃபயர்" எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. "மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்" என்பது காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது. அவர்கள் தீவனப் புல்லைக் காயவைக்க வெயிலுக்குக் காத்திருந்தார்கள், நாம் நெல்லைத் தூற்றக் காற்றுக்குக் காத்திருந்தோம். "பைட் தி டஸ்ட்" என்றால் மண்ணைக் கவ்வுவது. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் பதினெட்டாம் போர் பார்த்தவர்கள் துரியோதனனை நினைத்துக்கொண்டால் போதும், இதை மறக்கவே முடியாது. இப்படி நேராகப் பொருந்துபவற்றைத் தனியே எழுதி, ஒருமுறை படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இவற்றுக்கு நாள்கணக்கில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகைக்குத்தான் உண்மையான உழைப்பு வேண்டும். சொல்லளவில் தமிழ்த் தொடர் போலவே இருக்கும், பொருள் வேறாக இருக்கும். "புல் ஒன்ஸ் லெக்" என்பதைப் பாருங்கள். நமக்கு உடனே காலை வாரிவிடுவது ஞாபகத்துக்கு வரும். விடைகளில் "ஏமாற்றுவது" என்றோ "தோற்கடிப்பது" என்றோ ஒன்று இருந்தால் கை அங்கேதான் போகும். சரியான பொருள் விளையாட்டாகக் கிண்டல் செய்வது. "ஷோ ஒன்ஸ் டீத்" இன்னொன்று. தமிழில் பல்லைக் காட்டுவது என்றால் கெஞ்சி இளித்து நிற்பது. ஆங்கிலத்தில் தன் கோபத்தையும் பலத்தையும் காட்டி மிரட்டுவது. கிட்டத்தட்ட நேர்எதிர். "ஹேவ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஃபுல்" என்றால் கை நிறையச் சம்பளம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வேறெதையும் தொட முடியாத அளவுக்கு வேலை இருப்பது என்றுதான் பொருள். "ஹெட் ஓவர் ஹீல்ஸ்" என்பதைத் தலைகால் புரியாத சந்தோஷம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தேர்வில் பெரும்பாலும் காதலில் முழுசாக விழுந்துவிட்டதைச் சொல்லத்தான் அது வரும். "ப்ரிங் தி ஹவுஸ் டவுன்" என்றால் குடும்பத்தைக் கவிழ்ப்பது அல்ல. கூத்தில் கட்டியங்காரன் பேசத் தொடங்கியதும் கூட்டம் மொத்தமும் சிரித்துக் கைதட்டுமே, அதுதான்.

இந்த வகையில் குளிர் பற்றியவற்றைச் சேர்த்தே படியுங்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர்ச்சி என்றாலே நல்லது. மனம் குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன், வயிறு குளிர வாழ்த்தினார் என்கிறோம். கெட்டதைச் சொல்ல வயிறு எரிகிறது என்போம். இங்கிலாந்து குளிர்நாடு. அங்கே கதகதப்புதான் அன்பு, குளிர் என்றால் அன்பில்லாமை, ஆர்வமில்லாமை, பயம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு கூட்டமே வசப்படும். "கிவ் தி கோல்ட் ஷோல்டர்" என்றால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது. "த்ரோ கோல்ட் வாட்டர் ஆன்" என்றால் ஒருவரின் திட்டத்தை ஊக்கம் கெடும்படி மட்டம்தட்டுவது. நம் கணக்கில் தண்ணீர் தெளிப்பது ஆறுதலான காரியம் என்பதால் இதில் "ஆறுதல் சொல்வது" என்ற விடை பலரை இழுக்கும். "கெட் கோல்ட் ஃபீட்" கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. "இன் கோல்ட் ப்ளட்" ஈவிரக்கமில்லாமல், திட்டமிட்டு. "எ வார்ம் வெல்கம்" அன்பான வரவேற்பு. ஆனால் சூடு கூடி "ஹாட்" ஆகிவிட்டால் அங்கேயும் தொல்லைதான். "இன் ஹாட் வாட்டர்" என்றால் சிக்கலில் மாட்டியிருப்பது. "கூல்" என்ற சொல் இந்தக் கணக்கில் சேராது. "கீப் கூல்" நம் பேச்சில் உள்ளபடியே பதறாமல் இருப்பது. அதிலும் ஒரு விலக்கு உண்டு: "கூல் ஒன்ஸ் ஹீல்ஸ்" என்றால் ஓய்வெடுப்பதல்ல, யாருக்காகவோ காக்க வைக்கப்படுவது.

மூன்றாவது வகை, தமிழில் எதுவும் பொருந்தாதவை. இவற்றுக்குக் கதைதான் வழி. "அட் தி லெவன்த் ஹவர்" பைபிளில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாள் அமர்த்தும் உவமையிலிருந்து வந்தது. ஊரீசு மாதிரியான மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். காலை ஆறு மணியிலிருந்து எண்ணினால் பதினோராம் மணி என்பது நம் கடிகாரத்தில் மாலை ஐந்து, வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது. அதனால் பொருள் கடைசித் தறுவாயில். இது தெரிந்தவர் "நள்ளிரவில்" என்ற விடையைத் தொடவே மாட்டார். "க்ராஸ் தி ரூபிகான்" கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்ததைச் சொல்வது. கடந்த பிறகு திரும்ப வழியில்லை, போர்தான். அதனால் பின்வாங்க முடியாத முடிவை எடுப்பது என்று பொருள். தடையைத் தாண்டுவது என்ற விடை அழகாகத்தான் இருக்கும், ஆனால் தவறு. "ஹாப்சன்ஸ் சாய்ஸ்" கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் என்பவர் பெயரால் வந்தது. அவர் 1631இல் இறந்தார். வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற குதிரையை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் குதிரையே இல்லை என்பது அவர் வழக்கம். ஆகவே தேர்ந்தெடுக்க வேறு வழியே இல்லாத நிலை. "கடினமான தேர்வு" என்று ஒரு விடை பக்கத்திலேயே இருக்கும், கவனம்.

கதை இல்லாதவற்றுக்கு நம் ஊரை வைத்து வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். "வாட்டர் ஃப்ளோஸ் இன் தி பாலார் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்று எழுதினால் அரிதாக என்ற பொருளை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் கூடி நின்று பார்த்த கூட்டத்துக்கு அது தெரியும். "கேரி கோல்ஸ் டு நியூகாசில்" என்பதற்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது இருக்கிறது, இருந்தாலும் ஆம்பூருக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவதாக ஒரு வாக்கியம் எழுதினால் இன்னும் நன்றாக நிற்கும். வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். வேறொருவர் நோட்டைப் பார்த்து எழுதினால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

அப்புறம், விடைகள் எப்படி அமைக்கப்படுகின்றன என்று பழைய வினாத்தாள்களை வைத்துப் பாருங்கள். ஒன்று சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளாக இருக்கும். ஒன்று எதிர்ப்பொருளாக இருக்கும். இன்னொன்று பாதி சரியாக இருக்கும். "சீ ஐ டு ஐ" என்றால் ஒத்த கருத்தோடு இருப்பது. அதற்கு "நேருக்கு நேர் முறைப்பது", "கருத்து வேறுபடுவது", "பாசத்தோடு பார்ப்பது" என்று மற்ற மூன்றும் வரலாம். நேர்ப்பொருள் விடையை முதலில் அடித்துவிடுங்கள். வாக்கியம் கொடுத்திருந்தால் மிச்சமுள்ளதை அதில் வைத்துப் படியுங்கள். "பட்", "ஒன்லி", "ஃபைனலி" போன்ற சின்னச் சொற்கள் பெரும்பாலும் எதிர்ப்பொருள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். "தே வேர் ஒன்லி புல்லிங் ஹிஸ் லெக்" என்ற வாக்கியத்தில் அந்த "ஒன்லி" இருக்கும்போது துரோகம் எப்படிப் பொருந்தும்?

பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, வடிவம் தெரிய வேண்டும். இடியத்தின் வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. "பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்" எப்போதும் பன்மை, "டூத் அண்ட் நெயில்" எப்போதும் ஒருமை. "கோப் வித்" என்பதில் நடுவே "அப்" கிடையாது, நம் ஊரில் எல்லோரும் போட்டுத்தான் பேசுகிறோம். "லுக் ஃபார்வர்ட் டு" என்பதற்குப் பின் வினைச்சொல் வந்தால் ஐஎன்ஜி சேர வேண்டும். "வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்" என்பது நம்முடைய கைகழுவுவதுதான், பொருளில் சிக்கலில்லை. ஆனால் அந்த "ஆஃப்" ஒற்றை எஃப். ஒற்றை எஃப்பும் இரட்டை எஃப்பும் நம் உச்சரிப்பில் ஒன்றாகவே ஒலிப்பதால் காதை நம்பி விடை போடக் கூடாது, எழுதிப் பார்த்தே பழக வேண்டும். இந்த வடிவப் பயிற்சிக்கு வாய்விட்டுப் படிப்பதைவிடக் கையால் எழுதுவது மேல்.

தெரியாத இடியம் வந்தால் விடுவதா, போடுவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிஜிஎல் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.50 குறையும். நான்கில் இரண்டை நீக்க முடிந்த கேள்விகள் நான்கு இருந்து, அவற்றில் பாதி சரியானால் 4 வரும், 1 போகும், கையில் 3 நிற்கும். அதனால் போடுங்கள். இரண்டாம் கட்டத்தின் ஆங்கிலப் பகுதியில் 45 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3, தவறுக்கு 1 குறையும். அங்கே ஒன்றையும் நீக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குப் போட்டால், ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும். சராசரியில் ஒன்றும் மிஞ்சாது. அந்த மாதிரிக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பழைய தாள்களில் வந்த இடியங்கள் எஸ்எஸ்சியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் புதுப் புத்தகம் வாங்குவதைவிடப் பழைய தாள்களைச் சேகரிப்பதில் அக்கறை காட்டுங்கள். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு வருடத் தாள்களைப் பிரித்துக்கொள்ளலாம். காட்பாடியில் ரயில் ஏறித் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் போகும்போது இரண்டாவது வகையை மட்டும் பாருங்கள், தமிழ் வழிமாற்றிவிடுகிற அந்த வகையை. மாலையில் களைப்பாக வரும்போது கதை உள்ளவற்றைப் படிக்கலாம், அது சுமையாகத் தெரியாது.

தேர்வு முடிந்தபின் ஆணையம் தற்காலிக விடைக்குறிப்போடு உங்கள் விடைத்தாளையும் இணையத்தில் வெளியிடும். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், வந்த இடியங்களை உடனே நோட்டில் ஏற்றுங்கள். வேறு ஷிஃப்டில் எழுதிய நண்பர்களிடமும் கேட்டு வாங்கிச் சேருங்கள். அடுத்து பிளஸ் டூ நிலைத் தேர்வான சிஹெச்எஸ்எல் எழுத உட்காரும்போது அவற்றில் சில உங்கள் திரையில் மறுபடி வரும்.