நல்ல ஸ்டீரியோவுக்கு நம்ம ஹால்ல ஏன் இடம் இல்ல

கையில லட்ச ரூபா போன் வச்சிருக்கறவங்க கிட்ட ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர் அதே லட்ச ரூபாய்க்கு வரும்னு சொன்னா "பாட்டு கேக்க இவ்ளோவா"ன்னு தான் கேக்கறாங்க. அதனால நல்ல ஸ்டீரியோ நம்ம வீடுகள்ல இல்லாததுக்கு காசு தான் காரணம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதில்ல. சாதாரண காதுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொல்றதும் சரி கிடையாது. கனடால ஃப்ளாய்ட் டூல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980கள்லயே, எந்த கம்பெனி என்ன விலைன்னு தெரியாதபடி ஸ்பீக்கர மறைச்சு வச்சு ஆட்கள கேக்க வச்சாரு. பெரும்பாலானவங்களுக்கு ஒரே மாதிரி ஸ்பீக்கர் தான் பிடிச்சுது, பேஸையோ (கனத்த, தாழ்ந்த சத்தம்) ட்ரெபிளையோ (கூர்மையான, உயர்ந்த சத்தம்) தூக்கிக் காட்டாம எல்லாத்தையும் சமமா குடுக்கறது. பின்னாடி ஸ்பீக்கர் செய்யற ஹார்மன் கம்பெனில ஷான் ஆலிவ்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் பயிற்சி இல்லாதவங்கள வச்சும் பாத்தாரு, அவங்க ரேங்க் போட்டதும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். காது நல்லாத்தான் இருக்கு எல்லாருக்கும்.

எனக்குத் தெரிஞ்சு பிரச்சனையே ரூம் தான். நம்ம ஃப்ளாட் ஹால எடுத்துக்கோங்க, சுத்தி சிமெண்ட் சுவர், கீழ டைல்ஸ், மேல ஃபேன் ஓடுது, சோபா பின் சுவத்துல ஒட்டி இருக்கு, டிவிக்கு ரெண்டு பக்கமும் ஷெல்ஃப்ல ஸ்பீக்கர சொருகி வச்சிருப்பாங்க. எதிரெதிர் சுவருக்கு நடுவுல பத்தடி இருந்தா 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது தாழ்ந்த பேஸ்ல, ஒரு அதிர்வு அந்த ரூம்லயே மாட்டிக்கும், சுவரோரம் உக்காந்தா பேஸ் கும்முனு அடைக்கும், நடு ரூமுக்கு வந்தா அதே சத்தம் காணாமப் போயிடும். இதுல அஞ்சு லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கி வச்சாலும் நீங்க கேக்கறது பாதி அந்த சுவரத்தான். வாங்கினவரு ஏமாந்து போறாரு, அவர் வீட்டுக்கு வந்து கேட்ட நாலு பேரும் "இதுக்கா இவ்ளோ"ன்னு திரும்பிப் போறாங்க, அதோட அந்தத் தெருவுலயே இந்த ஆசை முடிஞ்சுது.

இன்னொண்ணு யாரும் பேசறதே இல்ல. ஸ்டீரியோங்கறது ஒரு சீட்டுக்கான விஷயம். லண்டன்ல ஆலன் ப்ளூம்லைன்னு ஒரு இன்ஜினியர் 1931ல பேட்டண்ட்டுக்குப் போட்ட காலத்துலேர்ந்து ரெண்டு ஸ்பீக்கர் வித்தை இதுதான், ரெண்டுக்கும் சம தூரத்துல உக்காந்தாதான் பாடறவங்க குரல் நடுவுல, ஸ்பீக்கரே இல்லாத இடத்துல நிக்கும். ஒரு ரெண்டடி தள்ளி உக்காந்தாலே குரல் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போயிடும். நம்ம வீட்ல ஹால் எல்லாருக்கும் பொது, அம்மா சீரியல் பாக்கணும், பசங்க படிக்கணும், அங்க ஒருத்தர் மட்டும் ஒரு மணி நேரம் கண்ண மூடி உக்காந்திருக்கேன்னா யார் விடுவாங்க, கேக்கறதும் நியாயமா இருக்காது.

ஆனா நல்ல சத்தத்துக்கு ஆசை இல்லாத ஊர் இல்ல இது. எண்பதுகள்ல ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, டிடிகே 90 கேசட்ல பதிஞ்சு வாங்க நாள் கணக்கா காத்திருந்தவங்க நம்ம ஆளுங்க. உள்ளூர் மெக்கானிக் கிட்ட ஆம்ப் அசெம்பிள் பண்ணி, ஆசாரி கிட்ட பாக்ஸ் அடிச்சு வாங்கின வீடுகள் எத்தனையோ. இப்ப அந்த ஆசையெல்லாம் இயர்போனுக்குப் போயிடுச்சு, அதுவும் சரியான காரணத்தோட தான், ரெண்டாயிரம் ரூபா இயர்போன் போட்டா ரூம் பிரச்சனையே கிடையாது, பக்கத்து வீட்டுக்காரரும் கதவத் தட்ட மாட்டாரு. எனக்கு அதுல குறை ஒண்ணுதான், பேஸ் காதோட நின்னுடுது, நெஞ்சுல வந்து படறதில்ல.

கடைக்காரங்க மேல எனக்குக் கோவம் உண்டு. தேவையான தடிமன்ல இருக்கற செப்பு வயரே போதுங்கற இடத்துல பல ஆயிரத்துக்குக் கேபிள் பேசறாங்க, ரூமப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர எங்க வைக்கணும்னு காட்டிக் குடுத்தாங்கன்னா பாதி விலை செட்டே போதும், கேக்கறவங்களும் கூடுவாங்க.

ஏற்கனவே வீட்ல ரெண்டு ஸ்பீக்கர் இருக்கறவங்க இத மட்டும் பண்ணிப் பாருங்க. ஷெல்ஃப்லேர்ந்து எடுத்து ஸ்டூல் மேல காது உயரத்துக்கு வைங்க, சுவத்துலேர்ந்து ஒரு ரெண்டடி முன்னாடி இழுங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரத்துல நீங்க உக்காருங்க, நடுவுல நல்லா தடியான ஜமக்காளத்த விரிங்க. ஃபேன நிறுத்திட்டு ஒரு கச்சேரி ரெக்கார்டிங் போட்டு மிருதங்கம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு கேளுங்க, கேட்டுட்டு அப்புறமா எந்த பிராண்டுன்னு பேசலாம்.