டவர் கேட்டு மனு எழுதும் முன்

ஊரில் சிக்னல் சரியில்லை என்றதும் எழும் முதல் கோரிக்கை, "எங்களுக்கு டவர் வேண்டும்." கிராம சபைத் தீர்மானத்திலும் ஆட்சியர் அலுவலக மனுவிலும் அந்த ஒரு வரிதான் இருக்கும். ஆனால் ஊர் நடுவே டவர் நின்றும் பேச முடியாத இடங்கள் நிறைய. கோளாறு அதில் ஓடும் பேண்டில் (700, 900, 1800 என்று எண்ணால் சொல்லப்படும் அலைவரிசைப் பட்டையில்) இருக்கலாம், ஆண்டெனாவின் சாய்வில் இருக்கலாம், பின்னால் போகும் இணைப்பிலோ கீழே உட்கார்ந்திருக்கும் பேட்டரியிலோ இருக்கலாம். எது என்று தெரிந்து கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

முதலில் திரையில் தெரியும் கட்டங்களை மறந்துவிடுங்கள். எத்தனை கட்டம் காட்டுவது என்பதை ஃபோன் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி வைக்கிறார். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#*, ஐஃபோனில் *3001#12345#* அழுத்தினால் அளவுகள் தெரியும். சில ஃபோன்களில் அந்தத் திரை வராது, அப்போது செல் தகவல் காட்டும் ஏதாவது செயலி போதும். 4ஜியில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 85 டிபிஎம் நல்லது, மைனஸ் 105 என்றால் வாசலில் பேசலாம், உள் அறையில் திணறும், மைனஸ் 115க்குக் கீழே போனால் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும். எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு: பூஜ்யத்துக்குக் கீழே என்றால் பலம் இருந்தும் பயனில்லை. இந்த இரண்டோடு எந்த பேண்ட் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேண்ட் ஏன் முக்கியம்? அலைவரிசை குறையக் குறைய சிக்னல் தொலைவு போகும், சுவரையும் எளிதாகக் கடக்கும். தடையில்லாத வெளியில்கூட 3500 மெகாஹெர்ட்ஸுக்கும் 700க்கும் இடையே 14 டெசிபெல் வித்தியாசம். அதாவது ஒரே தூரத்தில் 25 மடங்கு. மேலே போகப் போகக் கிடைப்பது அகலம், அதாவது ஒரே நேரத்தில் அதிகத் தரவு போகும் வழி. 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு நிறுவனத்திடம் பெரும்பாலும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில், இரண்டு ஆண்டெனா வைத்து, உச்ச வேகம் 75 எம்பிபிஎஸ். அது ஒரு ஆளுக்கு அல்ல, அந்தத் திசையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. இரவு எட்டு மணிக்கு இருநூறு பேர் வீடியோ பார்த்தால் ஆளுக்கு என்ன மிஞ்சும்?

இவ்வளவு தூரம் போகும் 700 மெகாஹெர்ட்ஸை, விலை காரணமாக, 2016, 2021 அலைக்கற்றை ஏலங்களில் ஒருவரும் தொடவில்லை. அடிப்படை விலையை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்த பிறகு, 2022 ஏலத்தில் ஜியோ 22 சர்க்கிள்களிலும் (தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகள்) அதை வாங்கியது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. அலைக்கற்றையை சர்க்கிள் முழுமைக்கும்தான் விற்கிறார்கள். தமிழ்நாடு சர்க்கிளில் சென்னையும் அடக்கம். அண்ணா சாலைக்கு வாங்கிய அதே 2100, அதே 2300 வால்பாறைக்கும் சேர்த்து வாங்கியதுதான். ஆனால் ஒவ்வொரு பேண்டுக்கும் அதற்கான ரேடியோ டவரின் மேல் மாட்டப்பட வேண்டும். கிராமத்து டவர்களில் 900மோ 1800ஓ மட்டும் வைத்துவிட்டு, மற்றதைச் சும்மா விட்டிருப்பார்கள். பணம் கட்டி வாங்கிய அலைக்கற்றை அந்த ஊரின் தலைக்கு மேல் இருபது ஆண்டு காலம் வெறுமனே கிடப்பது நியாயமில்லை. பலம் நன்றாக இருந்து, மாலை 7 முதல் 11 வரை மட்டும் வேகம் சாகிறதென்றால், நீங்கள் கேட்க வேண்டியது "இருக்கும் டவரில் இன்னொரு பேண்ட் சேருங்கள்" என்பது. புதுக் கோபுரத்தைவிட அது பல மடங்கு மலிவு.

விடியற்காலை மூன்று மணிக்கும் வேகம் இல்லையா? அப்படியென்றால் பேக்ஹாலை, அதாவது டவரிலிருந்து பின்னால் போகும் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். ஃபைபர் போகாத டவர்கள் மைக்ரோவேவ் தட்டு வழியாக அடுத்த டவரோடு பேசும். 28 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு இணைப்பு, நல்ல வானிலையில், ஏறத்தாழ 180 எம்பிபிஎஸ் தரும். அதற்குப் பின்னால் சங்கிலி போல மூன்று டவர்கள் தொங்கினால், மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். கனமழையில் அதுவும் இறங்கும். வாய்க்காலை அகலப்படுத்தாமல் மடையை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? 5ஜி கருவி வைத்த பிறகும் வேகம் மாறாத ஊர்களில் பாதிச் சிக்கல் இதுதான்.

இனி, "கட்டம் இருக்கிறது, எதிராளிக்கு என் குரல் கேட்கவில்லை" என்ற புகார். டவரின் ரேடியோ ஒரு போர்ட்டுக்கு (ஆண்டெனாவோடு சேரும் ஒரு இணைப்புக்கு) 40 வாட் அளவில் அனுப்பும். உங்கள் ஃபோனின் உச்சம் 0.2 வாட். இருநூறில் ஒரு பங்கு. ஃபோன் அந்தச் சிறு சக்தியை 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் குவிக்கும், டவரின் காதும் கூர்மையானது. அதனால்தான் ஓரளவு சமாளிக்கிறது. ஆனாலும் எல்லையோரத்தில் முதலில் தோற்பது ஃபோனின் குரல். 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜியில் இது இன்னும் மோசம். அங்கே ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து இருபக்கமும் பயன்படுத்துகிறார்கள். மேலே அனுப்பக் கிடைப்பது கால் பங்கு நேரமே. தாழ்ந்த பேண்ட் ஒன்று துணைக்கு இல்லாவிட்டால் வீட்டுக்குள் அந்த 5ஜி நிற்காது. அப்படிப்பட்ட அறைகளில் ஃபோனை 4ஜிக்கு மட்டும் மாற்றிவைத்தால் பேச்சு தெளிவாகும், பேட்டரியும் மிஞ்சும்.

குரல் போகாததற்கு இன்னொரு காரணம், பக்கத்துக் கட்டடத்தில் யாரோ வாங்கி மாட்டிய பூஸ்டர். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். அது வெளியே தள்ளும் இரைச்சல் டவரின் காதையே அடைத்துவிடும். ஒரு வீட்டுக்குச் சிக்னல் வந்ததற்காக அந்தச் செக்டார் (டவர் ஒரு திசையில் ஆளும் பகுதி) முழுக்க, நூற்றுக்கணக்கான பேரின் குரல் மூழ்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும் வைஃபை காலிங் இருக்கும்போது தேவையும் இல்லை.

சாய்வு விஷயத்தை யாரும் மனுவில் எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் எழுதத் தகுந்தது. ஆண்டெனா நேராகப் பார்ப்பதில்லை, சற்றுக் கீழே சாய்ந்திருக்கும். 40 மீட்டர் உயரத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளிய நிலத்தைக் குறிவைக்க 1.15 பாகை போதும். 30 மீட்டரிலிருந்து 500 மீட்டரைக் குறிவைக்க 3.4 பாகை வேண்டும். இடையில் புது டவர் வந்தால் பழைய டவரைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டும். மறந்தால் பழையது தாண்டி அடிக்கும். ஆறு கிலோமீட்டர் தள்ளி உள்ள தெரு, பக்கத்து டவரை விட்டுவிட்டுத் தூரத்து டவரைப் பிடித்துத் தொங்கும். அந்த இரண்டு டவர்களின் செல்களும் (ஒரு ஆண்டெனா ஆளும் பகுதியே செல்) ஒன்றையொன்று அண்டை என்று அறிந்திருக்காது, நடந்துகொண்டே பேசினால் அழைப்பு அறுந்துவிடும். இப்போதைய ஆண்டெனாக்கள் பலவற்றில் மின்சாய்வு உண்டு, கோபுரம் ஏறாமல் அலுவலகத்திலிருந்தே மாற்றலாம். செலவே இல்லாத தீர்வு. செயலியில் தெரியும் செல் எண் (உங்கள் ஃபோன் நம்பர் அல்ல, அந்தச் செல்லின் அடையாள எண்), டவருக்கு அருகிலேயே வேறாகவும் வீட்டில் வேறாகவும் இருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மின்சாரம் போனதும் சிக்னலும் போகிறதா? நேரத்தை அளந்து பாருங்கள். டவர் கருவிகள் மைனஸ் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர். இருபது நிமிடத்தில் இறந்தால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தபோது, நிமிர்ந்து நின்ற டவர்களும் மின்சாரமில்லாமல் ஊமையாயின. உதவி கேட்கவே வழியில்லாமல் போன நாட்கள் அவை. கடலோர ஊர்கள் ஐப்பசிக்கு முன்பே பேட்டரியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

புகாரில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, செல் எண், பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, நாள், நேரம் இருக்கட்டும். மூன்று நாள், ஒரே இடத்தில், காலை மாலை இரவு அளந்தவை போதும். நிறுவனத்தின் புகார் எண்ணை வாங்கிவையுங்கள். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதை இணைத்து அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. ஆனால் அதன் 2024 விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் ஊர் நிறம் பூசப்பட்டிருந்து, நீங்கள் அளந்தது மைனஸ் 118 என்றால், இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு இணையுங்கள்.

அளந்து பார்த்தும் எந்த நிறுவனத்தின் சிக்னலும் இல்லையென்றால், அது உண்மையாகவே டவர் வேண்டிய ஊர். மலைச்சரிவுகளில் நேர்க்கோட்டுப் பார்வை இல்லாவிட்டால் 700கூட ஓரளவே வளையும். அத்தகைய ஊர்களுக்கென்றே 2022 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 4ஜி சாச்சுரேஷன் திட்டம் இருக்கிறது: 24,680 கிராமங்கள், 26,316 கோடி ரூபாய், நிறைவேற்றுவது பிஎஸ்என்எல், பணம் இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கும் நிதியத்திலிருந்து. மனுவில் திட்டத்தின் பெயரையும், ஊரின் மக்கள்தொகையையும், அருகிலுள்ள டவரிலிருந்து தூரத்தையும், கோபுரத்துக்கு ஊராட்சி தரக்கூடிய நிலத்தின் சர்வே எண்ணையும், அந்த இடம் வரை மின்கம்பி வருகிறதா என்பதையும் எழுதுங்கள்.