மார்கரீத்தா கேட்ட வரம்

ரஷ்ய எழுத்தாளர் மிகயில் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' நாவலை ஆங்கிலம் வழியாகப் படித்து முடித்தேன். பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடை பெயர்கள். ஒரே ஆள் இவான், இவான் நிகலாயெவிச், பெஸ்தோம்னி என்று மாறி மாறி வருவான். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்தது காத்திருப்பு. மாஸ்டர் 13ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறார், மார்கரீத்தா 19இல். அதுவரை மாஸ்கோவில் வந்திறங்கிய சாத்தான் வோலாந்தும் அவன் கூட்டமும் போடும் ஆட்டம்தான். அந்தக் கூட்டத்துப் பெரிய கறுப்புப் பூனை டிராமில் ஏறிக் காசு நீட்டுகிறது. பூனை காசு கொடுக்கிறதே என்று யாரும் திகைப்பதில்லை. பூனைகளுக்கு அனுமதியில்லை என்று கண்டக்டர் அம்மா விரட்டுகிறார். சட்டத்துக்குப் பயந்தே வாழும் ஊர் எப்படியிருக்கும் என்று அங்கேயே புரிந்துவிடும்.

நடுவில் வரும், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்துவின் அத்தியாயங்களைத் தாண்டிவிடாதீர்கள். இயேசு குற்றமில்லாதவர் என்று தெரிந்தும் பிலாத்து மரண தண்டனையை உறுதி செய்கிறான். மாஸ்கோக்காரர்களின் அதே பயம்தான்.

அப்புறம் பேரம். ஜெர்மன் கவிஞர் கதேயின் நாடகத்தில் ஃபவுஸ்ட் சாத்தானோடு செய்யும் ஒப்பந்தத்தில் இரத்தத்தால் கையெழுத்திடுவான். இங்கே பத்திரமே கிடையாது. சாத்தான் வீட்டு விருந்துக்கு மார்கரீத்தா ஓர் இரவு அரசியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். கொலைகாரர்களும் நஞ்சு வைத்தவர்களும் கணப்படுப்பிலிருந்து வரிசையாக வந்து அவள் முழங்காலில் முத்தமிடுகிறார்கள். முழங்கால் வீங்கிப் போகிறது. அந்த வரிசையில் ஃப்ரீடா. குழந்தையின் வாயில் கைக்குட்டையைத் திணித்துக் கொன்றவள். முப்பது வருடமாகத் தினமும் அதே கைக்குட்டை அவள் மேசைக்கு வருகிறது.

விருந்து முடிந்ததும், என்ன வேண்டும் என்கிறான் வோலாந்து. காதலன் மாஸ்டருக்காகவே வந்தவள், ஃப்ரீடாவுக்கு இனி அந்தக் கைக்குட்டையைக் கொடுக்கக் கூடாது என்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரக்கம் தன் இலாகா இல்லை என்று சொல்லும் சாத்தான், மன்னிப்பை அவளையே வழங்கச் சொல்கிறான். அதைக் கணக்கில் சேர்க்காமல் அவளுக்கென்று இன்னொன்று கேட்கவும் சொல்கிறான். மாஸ்டர் திரும்பி வருகிறார். இத்தனை நேர்மையான பேரத்தை அந்த மாஸ்கோவில் வேறு யாரும் செய்வதில்லை.

புல்ககோவின் வாழ்க்கையையும் கூடவே தெரிந்துகொண்டால் வாசிப்பு எளிதாகும். நாடகங்கள் தடையாகி, 1930இல் இந்த நாவலின் முதல் வரைவை அவரே எரித்தார். அந்த ஏப்ரலில் ஸ்டாலின் தொலைபேசியில் அழைத்தார். நாடக அரங்கில் வேலை கிடைத்தது, நாவலை வெளியிட வழி கிடைக்கவில்லை. 1940இல் இறந்தார். மனைவி யெலேனா பாதுகாத்த பிரதி 1966-67இல்தான், அதுவும் வெட்டுகளோடு, பத்திரிகையில் வந்தது.

23, 24ஆம் அத்தியாயங்களை மட்டும் ஒரே இருப்பில் படித்துவிடுங்கள்.