கெனோப்பிக் கால்கள்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி

தீபாவளி 20ஆம் தேதி. மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தையில் வடை விற்கும் எங்களுக்கு, அதற்குள் இரண்டாவது கடைக்கு ஒரு கெனோப்பி, அதாவது மடக்கி விரிக்கும் கூடாரம், தயாராக வேண்டும். சந்தையில் கடையை விட்டுப் போன ஒருவரிடம் பழையதை வாங்கி வந்திருக்கிறோம். பத்துக்குப் பத்து அடி, இரும்புச் சட்டம், கூரைத் துணி நன்றாகவே இருக்கிறது. கால்கள்தான் மக்கர் பண்ணுகின்றன. இரண்டு சுலபமாக இறங்குகின்றன, ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது, இன்னொன்று அசையவே இல்லை.

எங்கள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கெனோப்பிகள் வீணாகிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், புதுத் துணியும் வாங்கலாம். கால் இறுகினால் மட்டும் உடனே சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள். குழாய் நசுங்கும், அப்புறம் சட்டம் பழைய இரும்பு லோரியில் ஏறிவிடும். நல்ல சட்டம் அப்படிப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை எப்படியும் தேற்றிவிடுவது என்று இருக்கிறேன். செய்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன், சந்தையில் கடை போடுகிற யாருக்காவது பயன்படட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் சட்டத்தை வாசலில் படுக்கப் போட்டு, நானும் அவரும் பாதத் தகடுகளைக் கழற்றினோம். அசையாத காலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது, செம்மண் கரைத்த நிறத்தில். நோய் எங்கே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு காலும் இரண்டு சதுரக் குழாய்கள். வெளிக்காலுக்குள் உள்கால் ஏறி இறங்கும். உள்காலில் வரிசையாகத் துளைகள் இருக்கும், வெளிக்காலின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டன் எந்தத் துளையில் விழுகிறதோ அதுதான் உயரம். மழை பெய்யும்போது கூரையின் நான்கு மூலையிலும் வழிகிற தண்ணீர் இந்த இடுக்கிலும் துளையிலும் நுழைந்து குழாய்க்குள் இறங்குகிறது. அடியில் பிளாஸ்டிக் மூடி, வெளியேற வழி இல்லை. கடையை மடக்கி லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைக்கிறோம், தண்ணீர் உள்ளேயே கிடக்கிறது. வெளியே பவுடர் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே வெறும் இரும்பு துருப்பிடிக்கும். துருவானால் அதே இரும்பு பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே இருப்பதோ ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி. இறுகாமல் என்ன செய்யும்?

பாதியில் நின்ற காலின் கதை வேறு. உள்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒரு துளை காய்ந்த மண்ணால் அடைபட்டிருந்தது. ஆணியால் குத்தியதும் உள்ளே இருந்து சுருண்ட பச்சைப் புழுக்கள் விழுந்தன. குளவியின் வேலை. குஞ்சுக்கு இரையாகப் புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் துளையில் பட்டன் எப்படி விழும்? மண்ணைத் துடைத்ததும் கால் சரியாக இறங்கிவிட்டது.

இறுகிய காலைத் தலைகீழாக நிறுத்தி, இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். ஊறட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

மூன்று மணிக்கு இடி தொடங்கி இருட்டும்வரை மழை. அக்டோபர், நவம்பரில் எங்கள் பேராக் மாநிலத்தில் இப்படித்தான். காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் கொட்டும். சந்தை நேரமும் அதுதான்.

கால் இன்னும் அசையவில்லை. மறுபடி மண்ணெண்ணெய்.

அக்டோபர் 9, வியாழன்

வந்துவிட்டது! உள்காலின் ஓரத்தில் பலகைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டி, கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுத்தோம். பலகை இல்லாமல் குழாயில் நேராக அடிக்கவே கூடாது. வாய் ஒரு நூல் மடங்கினாலும் போதும், அப்புறம் எந்தக் காலத்திலும் நுழையாது.

பக்கத்து வீட்டு மாமா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை வெட்டியே காலம் தள்ளியவர். மரம் குட்டையாக இருக்கும்வரை உளி, உயர்ந்ததும் அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள். ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து நீட்டும் கம்பு பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? நான் கிரீஸ் டப்பாவை எடுத்து வைத்திருப்பதைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

“கிரீஸ் வேணாம்மா. மண்ணு வந்து ஒட்டிக்கும். நாங்க வேலை முடிஞ்சதும் கம்பை முழுசா உருவி, காஞ்ச துணியால துடைச்சு, நிமிர்த்தி வச்சிடுவோம். அவ்வளவுதான்.”

“அலுமினியத்துக்குச் சரி மாமா, இது இரும்பாச்சே?”

“இரும்புன்னா இன்னும் நல்லாத் துடை.”

அலுமினியம் துருப்பிடிக்காது என்றாலும் ஈரத்தில் விட்டால் வெள்ளை மாவு பூக்கும், அதுவும் கம்பைப் பிடித்துக்கொள்ளும் என்றார். தரையில் இழுத்துக்கொண்டு போனால் குழாய் நெளியும், நெளிந்த இடத்தைத் தாண்டி வழுக்காது. போகிறபோது, கடை போடும் இடத்தில் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கெனோப்பிக் காலை நீட்டச் சொன்னார். கம்பு கம்பியில் பட்டு உயிர் போன கதை தோட்டத்துக்காரர்களிடம் நிறைய இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றுதான் பெரிய வேலை. வடை கடைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை ஒன்று, எண்ணெய்ப் புகை. சட்டிக்குப் பக்கத்துக் காலில் புகை படிந்து, தூசியும் சேர்ந்து, பழுப்பு நிறத்தில் பலாப்பால் மாதிரி பிசுக்கு. வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். விடாத இடத்தில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிவிட்டுத் தேய்த்ததும் கழன்றது.

அடுத்து துரு. குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக் குழாய்க்குள் கை எட்டும்வரை தேய்த்து, உதறி, வெயிலில் காயவைத்து, துத்தநாகப் பிரைமர் அடித்தோம். மெல்லிய பூச்சு போதும், தடித்தால் இடைவெளி போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அடுத்த வேலை: நான்கு பாத மூடிகளிலும் டிரில்லால் துளை போட்டுவிட்டோம். இனி நுழைகிற தண்ணீர் தானாக இறங்கிப் போகும். புதுக் கெனோப்பி வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

வழுக்குவதற்கு என்ன போடுவது? சந்தையில் எல்லாரும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில், ஏவுகணையின் உலோகத்தில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்தது அது. ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்ல சாமான்தான், ஆனால் வழுக்கல் நெடுநாள் நிற்பதில்லை, மிஞ்சும் பசையில் தூசி படியும். நான் சிலிக்கன் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, உள்காலில் ஒரு முறை துடைத்துவிடுகிறேன். அது இல்லாதவர்கள் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலும் போதும்.

அக்டோபர் 16, வியாழன்

கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் தங்கை மகனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். “பெரியம்மா, எங்களுக்கும் இதே பிரச்சினைதான்!” என்றான். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் சிறு கூடாரம் விரித்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். அந்தக் கூடாரத்துக்கும் இழுத்து நீட்டும் கம்புகள். குழாய்க்குள் தண்ணீர் போனால் அங்கே உறைந்து பூட்டிக்கொள்ளும், கிரீஸ் போட்டால் குளிரில் கெட்டியாகிவிடும். அதனால் அவர்களும் வீட்டுக்கு வந்ததும் கம்பை நீட்டிக் காயவைத்து, சிலிக்கன் அடிக்கிறார்களாம். எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்தைய சந்தை, நல்ல கூட்டம். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டன. மழையும் விடவில்லை. கூரை மூன்றுக்கு மூன்று மீட்டர் என்றால் பத்து மில்லிமீட்டர் மழைக்கே தொண்ணூறு லிட்டர் விழும், அதாவது தொண்ணூறு கிலோ. அதில் ஒரு பகுதி துணியில் குளம் கட்டினாலும், கத்திரி போல மடங்கும் கூரைச் சட்டம் வளைந்துவிடும். பின்பக்கக் கால்கள் இரண்டையும் ஒரு துளை இறக்கினேன், தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடிவிட்டது. கொட்டும் மழையில் ஒற்றைக் கையால் பட்டனை அழுத்தி இறக்க முடிந்தது! பக்கத்துக் கடைத் தம்பி, “அக்கா, இது அந்தப் பழைய கெனோப்பியா?” என்று கேட்டான். அவனுடைய கெனோப்பிச் சட்டத்தைப் புதன்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

தம்பியின் சட்டம் வந்தது. துரு குறைவு, ஆனால் மேலே ஏறி இறங்கும் நைலான் ஸ்லைடர் ஒன்று வெடித்திருக்கிறது. நைலான் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் உப்பும், மழைக்காலத்தில் இறுக்கமாகத் தெரிவது அதனால்தான். அதைப் பலம் போட்டு இழுத்ததில் வெடித்திருக்கும். தனி ஸ்லைடர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், வெளிக்காலின் அளவை அளந்து கொண்டுபோனால் சரியானதைக் கொடுப்பார்கள். ஒரு போல்ட்டுதான், பத்து நிமிட வேலை.

எங்களுடையதைக் கால் முழுக்க நீட்டி, வீட்டுப் பின்னால் கூரையடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். துணி தனியாகக் கொடியில் காய்கிறது. பட்டன் துளைகளைக் குளவிக்குப் பயந்து டேப் ஒட்டி மூடியாயிற்று, பாதத்தின் துளைகள் மட்டும் திறந்தே இருக்கின்றன.