தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் 23ஆம் தேதி அதிகாலையில் மயிலாடுதுறையில் பேருந்து மாறித் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டபோது, என் மனைவி மருத்துவமனையில் மூன்றாவது வாரமாகப் படுத்திருந்தாள். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து இனி வேலை செய்யாது என்று முந்தைய நாள் மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபின் அவள் அழவில்லை. "நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில். எனக்கும் சேர்த்து அங்க முழங்கால்போட்டுட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஊர் வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் புது எருசலேம் ஆலயம் வந்துவிடும். ஆனால் நேரே உள்ளே போக எனக்கு மனம் துணியவில்லை, கடற்கரைக்குப் போனேன். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை புகுந்த கரை இது. முந்தைய நாள் புத்தாடை உடுத்தி ஆராதனைக்குப் போன குடும்பங்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தனவோ! கர்த்தர் அன்று எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவிக்காகக் கேட்கும்போதும் அதே கேள்விதான் தொண்டையில் நின்றது.

கரையை ஒட்டி நிற்கிறது டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. அதன் கீழ்த்தள அறைகளின் தடித்த சுவர்களுக்கிடையே நின்றபோதுதான் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் நினைவு எனக்குள் அழுத்தமாக வந்தது. 1706 ஜூலை 9ஆம் தேதி இவ்வூரில் வந்திறங்கி, தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகிய அந்த ஜெர்மானிய மிஷனரி, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியதில் மூண்ட தகராறில், தம் சொந்த மார்க்கத்தைச் சேர்ந்த டேனிஷ் தளபதியாலேயே இக்கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். நான்கு மாதச் சிறை. அப்படியானால் 1708ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸை அவர் சிறைக்குள்ளேதான் கழித்திருக்கிறார்!

இந்தக் கணக்கு எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் அன்றுதான் அது என்னைத் தொட்டது. சத்திரத்தில் இடமில்லாததால் பிள்ளையை முன்னணையிலே கிடத்தினாள் என்று, மரியாள் குழந்தை இயேசுவை மாட்டின் தீவனத் தொட்டியில் படுக்கவைத்ததைச் சொல்லும் வசனத்தை நாங்கள் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லி வருகிறோம். அதைத் தமிழில் அச்சேற்றப் போகிறவர் அன்று பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தார். புதிய ஏற்பாடு அப்போது தமிழில் அச்சில் இல்லை. மார்ச்சில் விடுதலை கிடைக்கும் என்றோ, 1714இல் சுவிசேஷங்களும் அடுத்த ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் இவ்வூரிலேயே அச்சாகும் என்றோ அந்த டிசம்பரில் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? விடுதலையைப் பார்த்த பிறகு விசுவாசிப்பது எளிது. தேதி தெரியாமல் விசுவாசித்தவரின் ஜெபத்தில் ஒரு வார்த்தையாவது எனக்குக் கிடைக்காதா என்று அச்சுவரின்மேல் கை வைத்து நின்றேன்.

பிறகே ஆலயத்துக்குப் போனேன். 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தக் கட்டடத்தில் சீகன்பால்கு ஆராதனை நடத்தியது நான்கு மாதங்களுக்கும் சற்று மேல்தான். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், அவர் காலமானார். அவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆலயப் பணியாளரான கோயில்குட்டி கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். முன்னணை இன்னும் காலியாக இருந்தது. பீடத்துக்கு முன் முழங்கால்போட்டேன். சுகம் கேட்கத்தான் போனேன், கேட்கவும் செய்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுவதற்குள் வேறொரு விண்ணப்பமும் வாயில் வந்தது: ஆண்டவரே, கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், அறைக்குள் எங்களோடு இரும்.

மறுநாள் இரவு, வார்டில் விளக்கைக் குறைத்தபின், லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அவள் காதருகே மெல்ல வாசித்தேன். "பிள்ளையைத் துணிகளில் சுற்றி" என்ற இடத்தில் எனக்குக் குரல் அடைத்துக்கொண்டது. அவள் கண் திறக்காமலேயே, "முன்னணையிலே கிடத்தினாள்," என்று முடித்துவிட்டு, "மேல படிங்க," என்றாள்.